பூட்டு கொடுத்த அனுமதி

நூலகத்தில் கணினி அறையைப் பார்த்துக்கொள்பவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. யாருக்கு வேண்டும் அது? எல்லோருக்கும் அவர் 'பூட்டு'. மேசை இழுப்பறையைப் பூட்டுவார், குடை வைக்கிற அலமாரியைப் பூட்டுவார். ஒரு ஸ்டேப்ளர் கேட்டால்கூட, "எதுக்கு? எவ்வளவு நேரத்துக்கு?" என்று இரண்டு கேள்வி வரும். கேட்டவர் அலுத்துப்போய்க் குண்டூசியால் காரியத்தை முடித்துக்கொள்வார். கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள், தங்கமானவர். தன் பொருள் கைமாறினால் மட்டும் தாங்கமாட்டார்.

வீட்டிலும் இதே கூத்துதான். கார் சாவி எப்போதும் அவர் சட்டைப்பையில். மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். வீட்டுக் காரில் பழக விட்டாரா? "லைசென்ஸ் வரட்டும், பாக்கலாம்" என்றுவிட்டார். பழகாமல் லைசென்ஸ் எப்படி வருமாம்? தேர்வுக்குப் போனால் அவளுக்குக் கியரும் பிரேக்கும் குழம்பிவிடும். இரண்டு தடவை கோட்டைவிட்டாள். மூன்றாம் தடவைக்கு முன்னால், "ஏங்க, நாளைக்கு நீங்க வந்து நில்லுங்க. இதுவும் போச்சுன்னா நான் இனிமே ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன்" என்றாள். அவள் சொன்ன விதம் அவரை என்னவோ செய்தது. பாதியில் ஓடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அன்று மாலை நூலகத்தில் ஒரு வேலை இருந்தது. உறுப்பினர்களின் பெயரைச் சேர்ப்பது, திருத்துவது எல்லாம் ஒரு தரவுத்தள நிர்வாக மென்பொருளில்தான். உலாவியில் பக்கமாகத் திறக்கும். அதற்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. ஏற்றினார், திறந்து பார்த்தார், ஜோராக ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? அந்த மென்பொருளின் அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் மாதிரி ரகசியமெல்லாம் இருக்கிறதே என்று, தன்னைத் தவிர யாரும் அதைத் திறக்க முடியாதபடி அனுமதியை இறுக்கினார். மறுபடி சோதித்துப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் காலை தேர்வு மைதானம். பயிற்சிப் பள்ளிக் காரில் மனைவி, அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு கார்கள். அந்த நேரம் பார்த்துத் தலைமை நூலகர் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, பக்கம் திறக்கல. அமைப்புக் கோப்பைப் படிக்க முடியலன்னு சொல்லுது. இன்னைக்குத்தானே குழந்தைங்க பகுதி திறக்கிறோம், பேரு கொடுக்க வாசல் வரைக்கும் பிள்ளைங்க நிக்குது. உடனே கிளம்பி வா."

பூட்டுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அந்தக் கோப்பைப் படித்துப் பக்கத்தைக் காட்டுவது வெப் சர்வர் என்கிற தனி நிரல். அதையும் சேர்த்தல்லவா வெளியே நிறுத்திப் பூட்டியிருக்கிறார்! கை தானாகக் கார் சாவிக்குப் போனது. மனைவி அதைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

போகாமல் இருக்க ஒரே வழி, தன் கடவுச்சொல்லை நூலகரிடம் சொல்வது. இத்தனை வருஷத்தில் அதை ஒரு ஜீவனிடம் அவர் சொன்னதில்லை. சாவியை விட்டுக் கையை எடுத்தார்.

"சார், என் பேர்ல நீங்களே சர்வருக்குள்ள போங்க. பாஸ்வேர்டு சொல்றேன்."

"தம்பி, நீதான் பேசுறியா?"

பூட்டு கடவுச்சொல்லை முணுமுணுத்தார்.

"பிள்ளைங்க சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லு."

"என் பொண்டாட்டி கெட்டிக்காரி. சேர்த்து அடிங்க சார், இங்கிலீஷ் எழுத்துல."

"இன்னும் சத்தமா."

"என் பொண்டாட்டி கெட்டிக்காரி!"

மைதானம் முழுக்கக் கேட்டது. தேர்வு அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தினமும் காலையில் அவர் முதலில் தட்டுகிற வார்த்தை அது. ஒரு நாளாவது அவளிடம் வாய்விட்டுச் சொன்னாரா மகராசன்?

அவள் முறை வந்தது. சிரித்த முகத்தோடு காரை எடுத்தாள். கோப்பின் அனுமதியைத் தளர்த்தும்படி நூலகரிடம் சொல்லிவிட்டு, பூட்டு போனில் ஒரு காதும் காரில் இரண்டு கண்ணுமாக நின்றார்.

"இப்ப வேற மாதிரி சொல்லுது தம்பி. யார் வேணும்னாலும் இந்தக் கோப்புல எழுதலாம்னு இருக்காம். அப்படி இருந்தா வேலை செய்யாதாம்."

"அனுமதிக் கட்டம் எல்லாத்துலயும் டிக் போட்டீங்களா?"

"பாவம், எல்லாரும் பாக்கட்டுமேன்னு போட்டேன்."

பூட்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அவ்வளவு தாராளம் வேண்டாம் சார். எழுதுறது எனக்கு மட்டும். குழுங்கிற இடத்துல வெப் சர்வரைப் போட்டு, படிக்க மட்டும் டிக் பண்ணுங்க. மத்தவங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்."

கார் ரிவர்ஸில் வளைந்து, கம்பங்களுக்கு நடுவே அலுங்காமல் வந்து நின்றது. "திறந்துடுச்சுப்பா!" என்றார் நூலகர். பூட்டு அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அதிகாரி மனைவியின் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் இறங்கி வந்ததும் வீட்டுக் காரின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. வழியெல்லாம் அவள்தான் ஓட்டினாள்.

மறுநாள் காலை சட்டைப்பையைத் தடவினார், சாவி இல்லை. சமையலறை வாசலுக்குப் போனார்.

"சாவி எங்க?"

"எதுக்கு? எவ்வளவு நேரத்துக்கு?"

பூட்டு அசடு வழிந்தார். "ஆபீசுக்கு. சாயங்காலம் வரைக்கும்."

அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். நீட்டப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"பாஸ்வேர்டு சொல்லுங்க."

பூட்டு அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு அடுத்த வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.