காற்று முதலாளி

பெட்டியின் முகப்பில் ஒட்டியிருந்த தடித்த கண்ணாடித்தாள் உள்ளேயிருந்து பனித்துக்கொண்டு வந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பனிப்பு ஓரங்களில் தொடங்கி நடுவுக்கு நகர்ந்தது. மகளின் தாடை மறைந்தது, வாய் மறைந்தது, கடைசியில் கண்கள் மட்டும் தெரிந்தன. மண்டபத்தில் நின்ற எல்லோருக்கும் அது அழகாக இருந்தது. கமராவின் பின்னால் நின்ற இளைஞன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. அது என் எட்டு வயதுப் பிள்ளையின் மூச்சு என்பதும், அந்த மூச்சு அவளுக்குப் போதாமற் போய்க்கொண்டிருந்தது என்பதும் அங்கே ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்தது. அவரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

அவர் என் கணவரின் தமையன். எனக்குப் பெரியத்தான், மகளுக்குப் பெரியப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக ஒக்லாந்துக்கு வந்து, மனுகாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் தங்கியிருந்தார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. அங்கே நாள் முழுக்க இங்கிலீஷ் கதைத்துவிட்டு வருபவர், வீட்டு வாசலில் சப்பாத்தோடு சேர்த்து அதையும் கழற்றிவிடுவார். மகள் இந்த நாட்டில் பிறந்தவள். நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்கும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். பெரியத்தானுக்கு அது பொறுக்காது. அவள் இங்கிலீஷில் எது கேட்டாலும் அவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்க மாட்டார். பள்ளிக்கூடத்தில் படம் கீறிப் பரிசு வாங்கி வந்த நாளில்கூட, அவள் அதைப் பிடித்துக்கொண்டு அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் நின்றதும், ஏதோ சொன்னதும், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனதும் எனக்கு நினைவிருக்கிறது.

"என்ன பெரியத்தான், சின்னப் பிள்ளைதானே," என்றேன் நான்.

"சின்னதில விட்டா, பிறகு எங்க பிடிக்கிறது? தமிழில கேக்கட்டும். நான் பதில் சொல்லுறன்."

அவர் கெட்டவர் அல்ல. அவளுக்குச் சளி பிடித்தால் இஞ்சி அவித்து வைப்பார். அந்த வீடு ஈரமான வீடு. மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். மகளுக்கு இழுப்பு வரத் தொடங்கியது அங்கேதான். கடுமையான இழுப்பு இல்லை என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நீலநிற இன்ஹேலர் ஒன்று எப்போதும் என் கைப்பைக்குள் இருக்கும். ஆனாலும் அவள் இருமினால் நான் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நின்று கேட்பேன். அடுத்த இருமல் வராது என்று நிச்சயமான பிறகுதான் கை அசையும். இன்றைக்கும் அப்படித்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிலர் சமூகத் தொலைக்காட்சியில் அரை மணிநேரம் வாங்கி, நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, விசேட நாடகம் ஒன்று தயாரிக்கப் புறப்பட்டார்கள். எழுதி நெறிப்படுத்தியவர் மன்னாரில் கூத்துப் பழக்கிய ஒருவர். கூத்தை நடத்துகிறவரை அங்கே அண்ணாவியார் என்பார்கள். இங்கேயும் எல்லோரும் அவரை அப்படியே அழைத்தார்கள். மாட்டுக்கொட்டிலும் மேய்ப்பர்களும் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டன என்று சொல்லி, அவர் விண்வெளிக் கதை ஒன்றை எழுதியிருந்தார். வியாழனைச் சுற்றும் ஒரு நிலவில் மனிதர் குடியிருக்கிறார்கள். அங்கே காற்று முழுவதும் ஒரு முதலாளியின் தாங்கிகளுக்குள் இருக்கிறது. அவனோ மகா கஞ்சன். ஏழைகள் தங்கள் பிள்ளைகளை உறக்கப் பெட்டிகளுக்குள் கிடத்தி வைக்கிறார்கள், உறங்கினால் மூச்சுக் குறைவாகச் செலவாகும் என்பதற்காக. நத்தாருக்கு முதல் நாள் ஒரு பெட்டியில் காற்றுக் குறைகிறது. உள்ளேயிருக்கும் பிள்ளை முதலாளியிடம் மூன்று தரம் கெஞ்சுகிறது, அவன் மூன்று தரமும் மறுக்கிறான். பிறகு எந்திரத் தேவதூதன் ஒருவன் இறங்கி வந்து, அவனுக்கு அவனுடைய முடிவைக் காட்டுகிறான். அவன் மனம் மாறித் தாங்கிகளைத் திறந்துவிடுகிறான்.

முதலாளி வேஷத்துக்கு அவர்களுக்குள் ஒருவரும் வரவில்லை. "கூத்தில கள்ளனாய் ஆடினவனை ஊரில சாகுமட்டும் கள்ளனெண்டுதான் கூப்பிட்டவை. எனக்கு வேண்டாம், அண்ணாவியார்," என்று ஒருவர் பின் ஒருவராகக் கழன்றார்கள். சைவசமயக்காரரான பெரியத்தானைப் பிடித்ததற்கு அதுதான் காரணம். மகளை உறக்கப் பெட்டிப் பிள்ளையாகப் போடுவது என்ற பேரத்தில்தான் அவர் சம்மதித்தார். வசனத்துக்காகவாவது அவள் தமிழ் கதைப்பாள் என்று எண்ணினார். உண்மையிலேயே அவள் கதைத்தாள். குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். "மூச்சு முட்டுது ஐயா, கதவைத் திறவுங்கோ." ஒருநாள் குளியலறைக்குள் இருந்த பெரியத்தானிடம் வெளியே நின்று அதையே சொன்னாள். "பொறு பிள்ளை, வாறன்," என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அவர் அவளுக்கு உடனே பதில் சொன்ன முதல் நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

படம் பிடித்தது டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஒரு தேவாலய மண்டபத்தில். நல்ல வெயில். பக்கத்து வளவில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்ததால், சத்தம் பதிவாகிவிடும் என்று யன்னல்கள் எல்லாவற்றையும் சாத்திவிட்டார்கள். குளிர்சாதனப்பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, முகப்பை வெட்டிக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தார்கள். அது பளபளக்கவில்லை என்று அன்று காலைதான் உள்ளும் புறமும் வெள்ளிநிறச் சாயம் விசிறியிருந்தார்கள். அந்த மணம் மண்டபத்தில் இருந்தது. எல்லோருக்கும் மணத்தது. மகளை உள்ளே நிற்கவைத்து, திறந்துகொள்ளாமல் இருக்க விளிம்பெல்லாம் அகலமான நாடா ஒட்டினார்கள்.

முதல் தடவையில் அவள் பாதி வசனத்தில் தடுமாறி, "ஐ கான்ட்..." என்று தொடங்கிவிட்டாள். "நிப்பாட்டு!" என்றார் அண்ணாவியார். "பிள்ளை, இந்த நிலவில தமிழ் மட்டுந்தான். ஒரு இங்கிலீஷ் சொல் வந்தாலும் திருப்பி முதலிலயிருந்து!" எல்லோரும் சிரித்தோம். பெட்டிக்குள் அவளும் சிரித்தாள். நாடாவைப் பிரித்தால் சாயமும் பிய்ந்துவிடும் என்று அவளை வெளியே எடுக்காமலே மறுபடி தொடங்கினார்கள். காட்சி தொடங்கினால் நெருப்புப் பிடித்தாலும் இடையில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்பது அண்ணாவியாரின் கட்டளை. கூத்து மேடையிலிருந்து அவர் கொண்டுவந்த பழக்கம் அது.

"மூச்சு முட்டுது ஐயா, கதவைத் திறவுங்கோ." முதல் தரம் தெளிவாகச் சொன்னாள். பொன்னிற அங்கியும் ஒட்டுத்தாடியுமாக நின்ற பெரியத்தான், "இல்லை! என் காற்றை ஒருவருக்கும் தர மாட்டேன்!" என்று மேடைக் குரலில் சொன்னார். இரண்டாம் தரம் அவள் குரல் கரகரத்தது, சொற்களுக்கிடையில் இடைவெளி விழுந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெண் என் காதருகே குனிந்து, "என்ன வடிவாத் தமிழ் கதைக்குது! உணர்ச்சியோட வேற," என்றாள். நான் பெருமையோடு தலையாட்டினேன். பெரியத்தான் இரண்டாம் தரமும் இல்லை என்றார். அப்போதுதான் கண்ணாடித்தாள் பனிக்கத் தொடங்கியது.

மூன்றாம் தரம் வசனம் முழுதாக வரவில்லை. "கதவை..." என்பது மட்டும் கேட்டது. பெரியத்தான் இப்போது முதுகைக் காட்டித் திரும்பிச் சிரிக்க வேண்டும். அவர் திரும்பவில்லை. ஒத்திகைகளில் அவர் எப்போதும் வசனத்தை மறக்கிறவர் என்பதால், அண்ணாவியார் அடிக்குரலில் எடுத்துக் கொடுத்தார். "மறுங்கோ அண்ணை, மறுங்கோ! திரும்பிச் சிரியுங்கோ!" பெரியத்தான் பெட்டிக்குக் கிட்டப் போய் முகத்தைத் தாளோடு வைத்துப் பார்த்தார். "சார், ஃபிரேமை மறைக்கிறீங்க," என்றான் கமராத் தம்பி. அவர் நாடாவில் நகத்தைப் போட்டார். அது வரவில்லை. பெட்டியின் அடியில் காலை ஊன்றி, விளிம்பைப் பிடித்து, முகப்பு முழுவதையும் அட்டையோடு பிய்த்தெடுத்தார்.

"ஐயோ அண்ணை, பெட்டி! இன்னும் தேவதூதன் வரேல்லை!" என்று அண்ணாவியார் கத்தினார்.

மகள் அவருடைய கைகளுக்குள் சரிந்தாள். உதடுகளின் நிறம் சரியில்லை. "இன்ஹேலர் எங்க? ஓடு!" என்று பெரியத்தான் என்னைப் பார்த்து உறுக்கிய பிறகுதான் ஓடினேன். கைப்பை மண்டபத்துக் குசினியில், மற்றவர்களின் பைகளோடு பைகளாகக் கிடந்தது. யாருடைய பைகளையெல்லாம் தட்டிக் கொட்டினேனோ தெரியாது. திரும்பி வந்தபோது யன்னல்கள் திறந்திருந்தன, யாரோ அம்புலன்ஸுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியத்தான் நிலத்தில் இருந்தார். அவளைத் தன் நெஞ்சோடு நிமிர்த்தி வைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தார். முழுவதும் இங்கிலீஷ்.

"லுக் அட் மீ, குஞ்சு. லுக் அட் மீ. பிரீத் அவுட்... ஸ்லோலி. குட் கேர்ள்."

"ஐ கான்ட், பெரியப்பா."

"யூ கேன். ஐ'ம் ஹியர். ஒன்ஸ் மோர்."

அன்று காட்சியை நிறுத்திய அதே சொற்கள். அவள் அவற்றைச் சொன்னதும் அவர் பதில் சொன்னார். திரும்பத் திரும்ப அவள் சொன்னாள், ஒவ்வொரு தரமும் அவர் பதில் சொன்னார். நான் இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினேன். அம்புலன்ஸ் வந்து முகமூடி மாட்டும்வரை அவர் குரல் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் தேறிக்கொண்டிருந்தபோது ஒரு தாதி வந்து, பொன்னிற அங்கியோடும் பாதி கழன்ற தாடியோடும் கட்டிலருகே இருந்தவரைப் பார்த்து, நத்தார் தாத்தா இந்த வருடம் நேரத்தோடு வந்துவிட்டாரோ என்று கேட்டாள். முகமூடிக்குள் மகளின் கன்னம் அசைந்தது. அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

எப்படித் தெரிந்தது என்று பிறகு அவரிடம் கேட்டேன். "தாள் முழுக்கப் பனிக்க முந்திக் கண்டனான், கழுத்துக் குழி உள்ளுக்க இழுபட்டுது. நடிக்கிற பிள்ளைக்கு அது வராது," என்றார். அதோடு, "ரெண்டுதரம் கேட்டவள். ரெண்டுதரமும் நான் இல்லையெண்டு சொன்னனான்," என்றார். அது வசனம்தானே என்றேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். அந்த வசனத்துக்கும் எங்கள் வீட்டு முன்னறைக் கதிரைக்கும் இடையில் அவர் என்னத்தைக் கண்டார் என்று நான் கேட்கவில்லை.

அண்ணாவியார் வீட்டுக்கு வந்து அழுதார். பெட்டியைத் தானே உடைத்தெறிந்ததாகச் சொன்னார். ஆனால் கமரா அன்று நிறுத்தப்படவில்லை, எல்லாம் பதிவாகியிருந்தது. புதிதாகப் பிடிக்க அவருக்கு மனம் வரவில்லை. அதையே காட்டலாமா என்று மகளிடமே கேட்டார். அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அதனால் நாடகத்தில் முதலாளி மூன்றாம் தரத்திலேயே மனம் மாறி, பெட்டியைப் பிய்த்துவிட்டான். எந்திரத் தேவதூதனுக்கு வேலை இல்லாமற் போனது. உடம்பெல்லாம் வெள்ளித்தாள் சுற்றிக் காத்திருந்த மனிதருக்கு அது நீண்ட நாள் மனவருத்தம்.

ஒளிபரப்பான மாலை நான் பார்க்கவில்லை. குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "மூச்சு முட்டுது ஐயா," என்ற குரல் கேட்டதும் ஈரக் கையோடு ஓடினேன். மகள் பிஸ்கட் சாப்பிட்டபடி பெரியத்தானின் கதிரைக் கையில் ஏறி இருந்தாள். "அம்மா, இட்ஸ் ஒன்லி டிவி," என்றாள். பெரியத்தான் திரையைப் பார்க்கவில்லை. அவளுடைய கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் அவர் அவளிடம் தமிழ் வற்புறுத்தவில்லை. அவள் எந்த மொழியில் கேட்டாலும் பத்திரிகையைத் தாழ்த்திவிட்டுப் பதில் சொன்னார். ஒரு கலியாண வீட்டில் யாரோ, "என்ன, உங்கட பிள்ளை தமிழ் கதைக்காதோ?" என்று குத்தலாகக் கேட்டபோது, "அவள் கதைச்சாப் போதும்," என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அவள் தமிழில் கதைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் குறிப்பிட்ட வசனத்தை அவள் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. நானும் சொல்லச் சொல்லிக் கேட்டதில்லை.

போன கிழமை மகள் ஆல்பனிக்குக் குடிபோனாள், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, இரண்டு தோழிகளோடு. ஒக்லாந்துத் துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம். பெரியத்தான்தான் கார் ஓட்டினார். இப்போது தலை முழுக்க நரை. பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்ததும் அவர் அறையின் யன்னலைத் திறந்து பார்த்தார், சாத்தினார், மறுபடி திறந்தார். கொழுக்கியை ஆட்டிப் பார்த்தார். "வீ ஆர் ஃபைன், பெரியப்பா," என்றாள் அவள். "ஐ நோ, ஐ நோ," என்று சொல்லிவிட்டு இன்னொரு தரம் திறந்து பார்த்தார். நான் இன்ஹேலர்களை வைத்த இடங்களைச் சொன்னேன். மேசை லாச்சியில் ஒன்று, பையில் ஒன்று. அவளுக்கு அலுத்துப்போனது. "அம்மா, கோ நவ்," என்று என்னைக் கட்டிப் பிடித்தாள். அவள் நெஞ்சோடு காதை வைத்து நான் கொஞ்சம் கூடுதலாகவே நின்றிருக்க வேண்டும்.

கதவு சாத்தப்பட்டது. பெரியத்தான் படியிறங்கிப் போய்விட்டார். நான் வெளியில் நின்றேன். உள்ளே தோழிகளில் ஒருத்தி என்னவோ சொன்னாள். மகள் சிரித்தாள். நடுவில் நிறுத்தி, காற்றை இழுத்து, மறுபடியும் சிரித்தாள். இவ்வளவு நேரம் சிரிக்க நிறைய மூச்சு வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். அந்தச் சிரிப்பு முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, படிகளில் இறங்கினேன்.