நாய் இல்லாத கயிறு

டெப்போவில் அவளை எல்லோரும் பிரேக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கடைசிப் பிள்ளை பெல்ட் மாட்டும் சத்தம் காதில் விழாதவரை வண்டி ஓர் அங்குலம் நகராது. பின்னால் எத்தனை கார்கள் ஹாரன் அடித்தாலும் சரி, வானமே இடிந்து விழுந்தாலும் சரி.

இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. காலையில் சாவியைப் போடும் முன் வண்டியை ஒரு சுற்று வருவாள். சக்கரங்களைக் காலால் தட்டுவாள். பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பாள்.

"அடியில என்னம்மா தேடறே? புதையலா?" என்று மெக்கானிக் கேட்காத நாள் கிடையாது.

பன்னிரண்டு வருஷத்தில் அவள் அங்கே கண்டதெல்லாம் எண்ணெய்க் கறையும் ஒரு ரப்பர் பந்தும்தான். பதின்மூன்றாம் வருஷம், மழை விட்ட ஒரு காலையில் குனிந்தபோது, பின் சக்கரத்தை ஒட்டி இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன.

மெக்கானிக் எட்டிப் பார்த்தான். பார்த்த வேகத்தில் மூன்றடி பின்னால் போனான். "பிட்புல் நாய்! கிட்டப் போகாதே! தாடையைப் பாரு, பூட்டு மாதிரி இருக்கு!"

அதன் கழுத்தில் கம்பி சுற்றியிருந்தது. யாரோ வளர்த்து, வேண்டாமென்று விட்டுப் போயிருக்கிறார்கள். அவள் கிட்டப் போகவில்லை. ஆனால் நகரவும் இல்லை. தள்ளி, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கால் மணி நேரம் ஆயிற்று. அது தானாக ஊர்ந்து வெளியே வந்தது. டயர் நிறம், அகன்ற நெஞ்சு, ஒரு காது கிழிந்திருந்தது. வந்தது, அவள் காலில் தன் முழு எடையையும் சாய்த்துக்கொண்டு, பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். அந்த நிமிஷமே அவள் மனசு அதன் மேல் விழுந்துவிட்டது.

விலங்குக் காப்பகத்து வண்டி வந்து அதை ஏற்றிக்கொண்டு போனது. "பேர் என்ன எழுத?" என்று கேட்டவரிடம், "டயர்" என்றாள், ஏதோ பிள்ளைக்குப் பெயர் வைப்பவள் மாதிரி. அன்று மாலையே ஒரு பெரிய கிண்ணம் வாங்கிவிட்டாள். அதைச் சமையல் மேடையில் பார்த்த அவள் கணவர், "இவ்வளவு பெரிய கிண்ணத்துல யாருக்குச் சாப்பாடு? எனக்கா?" என்றார். அவர் பிளம்பர். குழாய் ஒழுகினாலும் கூரை ஒழுகினாலும் முதலில் ஒரு ஜோக் அடித்துவிட்டுத்தான் கை வைப்பார்.

"நாய்க்குங்க."

"எந்த நாய்க்கு?"

சொன்னாள். அவர் கிண்ணத்தை ஒரு தரம் பார்த்தார், அவளை ஒரு தரம் பார்த்தார். "புலி வாலைப் பிடிச்ச கதையா ஆயிடப் போகுது. சரி, வாலைப் பிடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டே. ஒழுங்கா எப்படிப் பிடிக்கறதுன்னு கேட்டுட்டு வா."

சனிக்கிழமை கிண்ணத்தைப் பையில் வைத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். அன்றே கூட்டி வந்துவிடலாம் என்ற நினைப்பு. காப்பகத்தை நடத்துகிற அம்மாளை ஊரில் ஹெட்மிஸ்ட்ரஸ் என்பார்கள். அவர் எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்ததில்லை. கேட்கிற கேள்விகளுக்காக வந்த பெயர் அது.

"இந்த ஊர்ல இந்த வகை நாயை வளர்க்க அனுமதி இருக்கான்னு விசாரிச்சீங்களா?"

"இ... இல்லைங்க."

"இருக்கு, ஆனா பதிவு பண்ணணும். எல்லா ஊர்லயும் விடமாட்டாங்க. நாளைக்கே வேற ஊருக்கு மாத்தலானா முதல்ல அதைக் கேட்டுட்டுத்தான் மாறணும். வீடு சொந்தமா?"

"வாடகை."

"வீட்டுக்காரர் வாயால சரின்னா பத்தாது, எழுதித் தரணும். நீங்க வேலைக்குப் போனா எவ்வளவு நேரம் தனியா இருக்கும்?"

"காலையில மூணு மணி நேரம். மத்தியானம் மூணு மணி நேரம். நடுவுல வீட்லதான் இருப்பேன்." இந்தக் கேள்விக்காவது பதில் இருந்ததே என்று அவளுக்கு மூச்சு வந்தது.

"மதில்?"

"என் தோள் உயரம்."

"டயருக்கு அது படிக்கட்டு. உயர்த்துங்க. இன்னும் பத்து வருஷமாவது இருக்கும். பத்து வருஷம் கழிச்சு உங்க முழங்கால் எப்படி இருக்கும்?"

பிரேக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முழங்காலைப் பற்றி அவள் கணவர்கூட இதுவரை விசாரித்ததில்லை.

"பக்கத்துல யாராவது நாய் வெச்சிருக்காங்களா?"

"எதிர் வீட்டுப் பல் டாக்டரம்மா வெச்சிருக்காங்க. பஞ்சுன்னு, வெள்ளையா, இத்தனூண்டு."

"கட்டி வெச்சா?"

"அவிழ்த்து விட்டுத்தான்."

ஹெட்மிஸ்ட்ரஸின் பேனா நின்றது. "இது மனுஷங்ககிட்ட வெண்ணெய். குழந்தை வந்து மேல உட்கார்ந்தாலும் நக்கும். ஆனா இன்னொரு நாய் பாய்ஞ்சு வந்தா என்ன செய்யும்னு எனக்கு இன்னும் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லி நான் நாய் குடுக்கறதில்லை."

சொல்லிவிட்டு இழுப்பறையிலிருந்து ஒரு தடித்த கயிற்றையும், முப்பது கட்டம் போட்ட ஓர் அட்டையையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"காலையில அரை மணி, சாயங்காலம் முக்கால் மணி. முப்பது நாள் நடங்க. மழை, தலைவலி, விருந்தாளி எதுவும் கணக்கில்லை. கயிறு கையை விட்டுப் போகக் கூடாது. ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம்."

"டயரோடவா?"

"டயர் இல்லாம. வெறும் கயிறோட."

அவள் விழித்தாள்.

"ஆசை முதல் வாரத்துல எல்லாருக்கும் இருக்கும். நாலாவது வாரத்துல இருக்கான்னுதான் எனக்குத் தெரியணும். இன்னொரு விஷயம். ஜிம் வெச்சிருக்கிற ஒருத்தரும் இதையே கேட்டிருக்கார். வாசல்ல நிறுத்தினா கெத்தா இருக்குமாம். அவருக்கும் இதே அட்டை, இதே கயிறு. யார் முதல்ல முடிக்கறாங்களோ, அவங்களோடதான் பேசுவேன். எனக்குப் பிடிச்சவங்க பிடிக்காதவங்கன்னு பார்த்தா விதி எதுக்கு?"

வெறுங்கை முழம் போடுமா என்பார்கள். பிரேக்கம்மாவின் கை மறுநாள் விடியற்காலை ஐந்தேகாலுக்கே முழம் போடத் தொடங்கியது. தெரு முனை, பூங்கா வேலி, பேக்கரி, மறுபடி வீடு. கயிற்றின் மறுமுனை தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. பேக்கரிக்காரர் கதவைத் திறந்துகொண்டே, "அம்மா, நாய் அவுந்து ஓடிடுச்சு!" என்று கத்தினார். மறுநாளும் கத்தினார். மூன்றாம் நாள், "இன்னுமா கிடைக்கலை?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

அவளுக்கு வெட்கமாக இல்லை. சொல்லப்போனால் கால் தரையில் பாவவில்லை. மழையில் குடையோடு நடந்தாள். சளிக் காய்ச்சலில் சால்வையோடு நடந்தாள். இதற்கிடையில் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினாள். கணவரும் அவர் கூட்டாளியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மதிலை உயர்த்தினார்கள். எதிர் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தாள். பல் டாக்டரம்மா பஞ்சுவை மார்போடு அணைத்துக்கொண்டு, "அது வந்தா என் பஞ்சு ஒரு வாய்க்குத்தான் வரும். நான் புகார் குடுப்பேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

பதினாறாம் நாள் பூங்கா வேலியருகே ஒரு வேடிக்கை நடந்தது. எதிரே இன்னொருவர் வெறும் கயிற்றோடு வந்துகொண்டிருந்தார். காவலாளிச் சீருடை; ஐம்பது வயதிருக்கும். இருவரும் நின்றார்கள். இருவரும் மற்றவர் கயிற்றின் முனையைப் பார்த்தார்கள்.

"நீங்க... ஜிம்மா அண்ணே?"

"ஆமாம்மா. இன்னிக்குப் பதினாலாம் நாள். முதலாளி தூங்கறார். நாயே இல்லாத கயிறுக்கு முதலாளி எதுக்கு, நீயே போன்னு அனுப்பிட்டார். எனக்கு நாய்ன்னாலே ஆகாது. இதுல நாய் இல்லைன்னு தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டேன்."

கணவரிடம் சொன்னபோது அவர் துள்ளினார். "போய்ச் சொல்லு அந்த ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட!"

"சொன்னா அந்த அண்ணன் வேலை போயிடுங்க. அவர் ரெண்டு நாள் பின்னாலதானே இருக்கார். நான் முடிச்சிடுவேன்."

முடித்திருப்பாள். இருபத்திரண்டாம் நாள் காலைவரை எல்லாம் அப்படித்தான் இருந்தது.

அன்று திரும்பி வந்து கதவைத் திறக்கப் போகும்போது, எதிர் வீட்டிலிருந்து பஞ்சு அம்பு மாதிரி பாய்ந்து வந்தது. கீச்சுக் கீச்சென்று குரைத்துக்கொண்டு நேராக அவள் கணுக்காலுக்கு. அவள் "ஐயோ!" என்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிவிட்டாள்.

கயிறு தரையில் கிடந்தது.

"கயிறுல நாயே இல்லையேம்மா, எதுக்கு இந்தப் பயம்?" என்று சிரித்துக்கொண்டே பல் டாக்டரம்மா பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு போனார்.

பிரேக்கம்மா சிரிக்கவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருஷமாக ஸ்டியரிங்கை விடாத கை. லாரி குறுக்கே வந்தபோதும் விடவில்லை. கண்ணாடி உடைந்தபோதும் விடவில்லை. ஒரு உள்ளங்கைப் பஞ்சு குரைத்ததும் விட்டுவிட்டது. அந்த முனையில் டயர் இருந்திருந்தால்? பஞ்சு போயிருக்கும். பஞ்சுவோடு டயரும் போயிருக்கும். முதலில் குரைத்தது யார் என்று எவரும் கேட்கப்போவதில்லை.

அன்றைய கட்டத்தை அவள் நிரப்பவில்லை. காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, நேராகக் காப்பகத்துக்குப் போய் அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"கயிறை விட்டுட்டேங்க. வேற அட்டை குடுங்க. ஒண்ணாம் நாள்லேர்ந்து நடக்கறேன்."

ஹெட்மிஸ்ட்ரஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஜிம்காரர் இருபதுல இருக்கார்."

"தெரியும்."

"நீங்க சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"பஞ்சுவுக்குத் தெரியுங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து வந்தார். புது அட்டையைக் கொடுத்து, அவள் கையைப் பிடித்து ஒரு வித்தை காட்டிக் கொடுத்தார். கயிற்றின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டிக் கையை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு கையும் இடுப்போடு ஒட்ட வேண்டும். ஒரு கால் பின்னால், முழங்கால் லேசாக மடங்கி. "கை பலத்துல நாயைப் பிடிக்க முடியாது. இடுப்புல பிடிக்கணும். இன்னொண்ணு, எதிர்ல நாயைப் பார்த்ததுமே திரும்பிடணும். இழுத்த பிறகு திரும்பறது லேட்டு."

திரும்பும் வழியில் கம்பிக் கூண்டுக்குள் டயர் வால் ஆட்டியது. வால் மட்டுமல்ல, பின்பாதி உடம்பே ஆடியது. இன்னும் பத்து நாளில் அது ஜிம் வாசலில் நிற்கலாம். அவள் வேகமாக வெளியே வந்துவிட்டாள்.

அன்று மாலை முதல் தெருவுக்கு இலவசக் கூத்து. பிளம்பர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓடுவார். அவள் பிடித்து நிறுத்த வேண்டும். முதல் நாள் அவர் ஓடிய ஓட்டத்தில் அவள் ரோஜாச் செடிக்குள் போய் விழுந்தாள். மறுநாள் அவர் நாலு காலில் நின்று குரைக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"ஏங்க, மானம் போகுது! குரைக்காதீங்க!"

"நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தான்மா ஆகணும். லொள்!"

எதிர் வீட்டு மாடியில் பல் டாக்டரம்மா காப்பிக் கோப்பையோடு நின்றார். மூன்றாம் நாளிலிருந்து நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எட்டாம் நாள் பிளம்பர் எழுபது கிலோவையும் போட்டு இழுத்தும் அவள் அசையவில்லை. அவர்தான் மல்லாக்க விழுந்தார். மாடியிலிருந்து யாரோ கை தட்டினார்கள். நிமிர்ந்து பார்ப்பதற்குள் டாக்டரம்மா உள்ளே போய்விட்டார்.

புது அட்டையின் பதினோராம் நாள் இரவு போன் வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ். பிரேக்கம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஜிம்காரர் முடித்திருப்பார்.

"முப்பது கட்டமும் நிரப்பின அட்டை வந்திருக்கு. கொண்டு வந்தது ஒரு காவலாளி. நடந்தது நீங்களான்னு கேட்டேன். ஆமாம்மா, மழையில கூட நானேதான் நடந்தேன்னார். அப்ப விதிப்படி நாய் உங்களுக்குத்தான், கூட்டிட்டுப் போங்கன்னேன்."

"ஐயய்யோ! அப்புறம்?"

"அட்டையைப் போட்டுட்டு ஓடிட்டார். அவர் முதலாளிக்குப் போன் பண்ணினேன். அவரே முதல்லேர்ந்து நடக்கணும்னதும், சிங்கச் சிலை வாங்கி வெச்சுக்கறேன்னுட்டார். காவலாளியை அனுப்பினது நீங்கதான், அவர் மேல கோபப்படாதீங்கன்னும் சொல்லி வெச்சேன்." மறுமுனையில் முதல் தடவையாக ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிக்கும் சத்தம் கேட்டது. "உங்களுக்கு இன்னும் பத்தொன்பது கட்டம் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

பத்தொன்பதும் நடந்தாள். பறந்தாள் என்பதே சரி. முப்பதாம் நாள் பேக்கரிக்காரர் வாசலில் காத்திருந்து கேட்டார்: "நாளைக்கு நிஜமாவா?"

நிஜமாகத்தான். பதிவுச் சீட்டு, ஊசிச் சீட்டு, கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கான சீட்டு, பயிற்சி வகுப்புக்கான நாள் எல்லாம் பையில். டயர் வீட்டுக்கு வந்தது. அந்தப் பெரிய கிண்ணத்தைக் காலி செய்தது. பிளம்பரின் காலில் சாய்ந்து பெருமூச்சு விட்டது. "இவன் என்ன, சோபான்னு நினைச்சுட்டானா என்னை?" என்றார் அவர், காலை மட்டும் நகர்த்தாமல்.

மறுநாள் காலை ஐந்தேகால். மார்புப் பட்டை, தடித்த கயிறு, கட்டைவிரலில் வளையம். கதவைத் திறந்து நாலு எட்டுத்தான் வைத்திருப்பாள். எதிர் வீட்டுக் கதவிடுக்கில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

பஞ்சு கிளம்பிவிட்டது.

டயரின் காதுகள் முன்னால் நிமிர்ந்தன. கயிறு வழியாக ஒரு நடுக்கம் அவள் கைக்கு வந்தது. அவள் கை மேலே போகவில்லை, இடுப்புக்குப் போனது. கால் பின்னால். முழங்கால் மடங்கியது. "பஞ்சு!" என்று டாக்டரம்மா மாடியிலிருந்து அலறினார். டயர் பாய்ந்தது. இருபத்தெட்டுக் கிலோ முழுதாகக் கயிற்றில் வந்து விழுந்தது. அவள் செருப்பு ஓரடி சறுக்கியது, நின்றது.

"வா," என்றாள் பிரேக்கம்மா, பிள்ளைகளிடம் பெல்ட் போடச் சொல்லும் அதே குரலில், குதிகாலில் திரும்பியபடியே. "வாடா டயர். இந்தப் பக்கம்."

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கயிறு தளர்ந்தது. கிழிந்த காது அவள் பக்கம் திரும்பியது. டயர் அவளோடு வந்தது. வந்து காலில் சாய்ந்தும் நின்றது.

பின்னால் டாக்டரம்மா செருப்பில்லாமல் ஓடிவந்து பஞ்சுவை வாரி எடுத்துக்கொண்டார். அது அவர் கையிலிருந்தும் குரைத்தது.  பிரேக்கம்மாவின் கட்டைவிரலில் வளையம் அப்படியே இருந்தது.

மாலை நடையின்போது எதிர் வீட்டு வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார். பஞ்சுவின் கழுத்தில் ஒரு ரிப்பன் முடிச்சுப் போட்டிருந்தது; மறுமுனை அவர் கையில். பஞ்சு அதைக் கடித்துத் துப்ப முயன்றுகொண்டிருந்தது.

தெருவின் அந்தப் பக்கமிருந்தே டாக்டரம்மா கேட்டார்: "ஏம்மா, அந்த அட்டை எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?"