சரசக்காவுக்குக் கொண்டுபோன சாமான்

மகள் அடுத்த கிழமை யப்பானுக்குப் போகிறாள். பல்கலைக்கழகத்து ஏற்பாடு; நான்கு மாதம் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்க வேண்டுமாம். இரண்டு நாளாக முன்னறையில் அவளுடைய பெட்டி வாயைப் பிளந்தபடி கிடக்கிறது. நேற்றுப் பின்னேரம் வந்து, "அம்மா, அந்த வீட்டு ஆக்களுக்கு என்ன கொண்டுபோகலாம்? சின்னதா இருக்கோணும், பாரம் இருக்கக்கூடாது, உடையவும் கூடாது" என்று கேட்டாள். தேயிலை கொண்டுபோ என்றேன். எல்லாரும் தேயிலைதான் கொண்டுபோவார்களாம், முகத்தைச் சுழித்தாள். "நீங்கள் முதன்முதல் லண்டனுக்கு வரேக்க என்ன கொண்டந்தனீங்கள்?"

பனங்கட்டி என்றேன். பொய்யில்லை. ஆனால் மிச்சத்தை அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எண்பத்தெட்டாம் ஆண்டு. எனக்கு இருபத்திரண்டு வயது. லண்டனில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. தீவுப்பகுதியில், எங்கள் ஊரான சரவணையில், வீட்டுக் குசினி ஒரு கிழமையாகக் கமகமத்தது. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் ஒரு பொதி. கூழுக்கு ஒடியல் மா. ஓலைக் குட்டானில் பனங்கட்டி. நயினாதீவு அம்மன் கோயில் குங்குமம். வறுத்து இடித்த மிளகாய்த்தூளை மூன்று பைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதற்கு மேல் என் புதுச் சட்டை ஒன்றையும் சுற்றினார் அம்மா. பை உடைந்தால் அந்தச் சட்டையோடு எந்த நோயாளிக்குப் பக்கத்தில் நான் போவது என்று அவர் யோசிக்கவில்லை. எதையும் முதலில் உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்ப்பார், பிறகு மூக்கில் வைத்துப் பார்ப்பார், பிறகுதான் பெட்டிக்குள் வைப்பார்.

நான் கதவு நிலையில் சாய்ந்து நின்று அதையெல்லாம் வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அவ்வளவும் போகப்போவது சரசக்கா வீட்டுக்கு.

சரசக்கா என் பெரியப்பாவின் மகள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு வேலிதான். என் அக்கா விமலாவும் அவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே கண்ணாடியில் தலை வாரி வளர்ந்தவர்கள். சரசக்காவுக்கு முதலில் கலியாணம் முடிந்தது. எண்பத்து நாலில் அக்காவுக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்த ஆனி மாதம் நயினாதீவுத் திருவிழாவுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். குறிகட்டுவான் துறையில் ஏறிய படகில் நெருக்கமான கூட்டம், அன்றைக்கு நல்ல அலை. அக்கா காலையிலிருந்து விரதம். பாதிக் கடலில் சத்தி எடுத்து, கண் இருட்டி, அப்படியே சரிந்துவிட்டார். சரசக்காதான் அவர் தலையை மடியில் தாங்கி, முகத்துக்குத் தண்ணீர் தெளித்தவர். கரையில் ஒரு சோடாவைக் குடித்ததும் அக்கா எழும்பி, தேர் வடம் பிடிக்கிற சனத்துக்குள் போய் நின்றார். நடந்தது இவ்வளவுதான்.

கலியாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"பிள்ளைக்கு வலிப்பு வருத்தம் எண்டு கேள்விப்பட்டம்."

அப்பா சிரித்தேவிட்டார். "ஆர் சொன்னது?"

"உங்கட தமையன்ர மகள் சரசு. படகில தலையைப் பிடிச்சதே அவதானே? நுரை தள்ளினதைத் தன்ர கண்ணால கண்டவவாம்."

கலியாண அழைப்பிதழ்களில் முக்கால்வாசி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அதனால் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பவும் அதே வீடுகளுக்குப் போனார். படலைக்கு வெளியே, சைக்கிளைவிட்டு இறங்காமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி, "கலியாணம் நிண்டு போச்சு. வெளிக்கிட்டுடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு மிதிப்பார். வேலணை, மண்கும்பான், புங்குடுதீவு. மூன்றாம் நாள் அவருக்குக் குரல் அடைத்துவிட்டது. நான் சைக்கிளின் பின்னால் சாமான் வைக்கும் காவியில் இருந்து போய், அவருக்குப் பதிலாக அந்த வசனத்தைச் சொன்னேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அந்த வசனம் என் வாயில் இன்னும் கசக்கிறது.

ஆறு மாதத்தில் அந்த வாத்தியாருக்குக் கலியாணம் நடந்தது. பெண் யாரென்று நினைக்கிறீர்கள்? சரசக்காவின் புருசனுடைய தங்கச்சி. அந்த அத்தான் அப்போது லண்டனில் இருந்தார். தங்கச்சியின் கலியாணத்தைப் படத்தில்தான் பார்த்திருப்பார். அடுத்த வருடம் சரசக்காவும் பிள்ளைகள் இரண்டோடு அங்கே போய்ச் சேர்ந்தார். எங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில், ஒரு தகரப் பெட்டிக்குள், கொடுக்காமல் மிஞ்சிய அழைப்பிதழ்கள் கிடந்தன. பிள்ளையார் படம் போட்டதை எரிக்கக்கூடாது என்று அப்பா வைத்திருந்தார். அதற்குப் பிறகு என்னைப் பெண் கேட்டும் ஒருவரும் எங்கள் படலையைத் திறக்கவில்லை.

இப்போது பாருங்கள், எண்பத்தெட்டில் என் தலைவிதியை. தாதியர் விடுதியில் அறை கிடைக்க மூன்று கிழமை செல்லுமாம். லண்டனில் எங்களுக்கு வேறு ஒரு சனமும் இல்லை. பெரியப்பா வந்து வேலியடியில் நின்று, "சரசு வீட்டில நிக்கட்டும்" என்றார். அப்பா திரும்பி உள்ளே போனார். அம்மா சம்மதித்தார்.

"அவளுக்கு ஏனம்மா இவ்வளவும்?" என்று கேட்டேன்.

"அவளுக்கில்லை. ஒருத்தரின்ர வீட்டில தங்கப் போறாய். வெறுங்கையோட போக ஏலாது."

அம்மாவின் நியாயம் அது. என்னுடைய நியாயம் வேறு. ஒடியல் மாவுக்குள் ஒரு பிடி கடற்கரை மணலைக் கலந்துவிடலாம் என்று ஒரு பின்னேரம் முழுக்க யோசித்தேன். மணலை அள்ளி வந்து அரித்தும் வைத்தேன். அந்த மாவில் காய்ச்சுகிற கூழை நானும்தானே குடிக்க வேண்டும் என்பது பிறகுதான் மண்டையில் உறைத்தது. இந்த மூளையோடுதான் தாதிப் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்தேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் தகரப் பெட்டியைத் திறந்து ஓர் அழைப்பிதழை எடுத்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் பூசி, கொடுக்கத் தயாராக இருந்தது. சின்னது. பாரமில்லை. உடையாது. கடவுச்சீட்டுக்குள் வைத்தேன். அக்காவிடம் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் சரசக்கா ஒரு தடித்த மேலங்கியோடு நின்றார். தானே எனக்குப் போட்டுவிட்டு, கழுத்துவரை பொத்தான்களையும் பூட்டினார். நான் எதிர்பார்த்து வந்த பெண் அவரில்லை. மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தார். அம்மா தந்த பொதிகளைப் பிரித்ததும் பனங்கட்டிக் குட்டானை மூக்கில் வைத்தபடி அழுதுவிட்டார். "ஊர் வாசம், என்னடி" என்றார். பிள்ளைகள் இரண்டும் புழுக்கொடியலைக் கடித்துப் பார்த்துவிட்டு மரக்கட்டை என்று துப்பின. எனக்கு இருமல் வந்தபோது சரசக்கா மல்லி அவித்துத் தந்தார். படுக்கைக்குச் சுடுதண்ணிப் பை தந்தார். வன்மம் வைத்திருக்கவும் உடம்பில் தெம்பு வேண்டும். அந்தக் குளிரில், அந்த மல்லித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, என்னால் அதைச் சரியாகப் பிடித்துவைத்திருக்க முடியவில்லை. கொண்டுவந்ததை அப்படியே திருப்பிக் கொண்டுபோய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் தீவுப்பகுதிச் சனம். நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வேலணையைச் சேர்ந்த ஓர் அம்மா சொன்னது கதவு வழியாகக் காதில் விழுந்தது.

"சரசு, உவள் நல்ல வடிவான பிள்ளை. என்ர தம்பிக்குக் கேட்டுப் பாப்பமோ?"

சரசக்காவின் குரல் தணிந்தது. "பிள்ளை தங்கம். ஆனா தமக்கைக்காரிக்கு வலிப்பு. குடும்பத்தில ஓடுது போல. நாளைக்கு எனக்கேன் பழி, அதுதான் சொல்லிப்போட்டன்."

கை ஈரத்தைத் துடைக்காமலே மாடிக்குப் போனேன். அழைப்பிதழை எடுத்துக்கொண்டு வந்து, எல்லாரும் பார்க்க, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"சரசக்கா, உங்களுக்கு இன்னொரு சாமான் கொண்டந்தனான். தர மறந்துபோனன்."

அவர் சிரித்துக்கொண்டே வாங்கி, திறந்து பார்த்துவிட்டு மூடினார். அத்தான் அவர் கையிலிருந்து எடுத்தார். "செல்வி விமலாதேவி" என்று வாசித்தார். மாப்பிள்ளையின் பெயரும் வந்தது. நிறுத்தினார். அது அவருடைய தங்கச்சியின் புருசனின் பெயர்.

"என்ன இது, தங்கச்சி?"

"எங்கட அக்கான்ர கலியாணக் காட், அத்தான். நடக்கேல்லை. படகில அக்கா சத்தி எடுத்து மயங்கினதைச் சரசக்கா வலிப்பெண்டு போய்ச் சொன்னவ. அக்காவுக்கு இருக்கிறது ஒரு வருத்தம்தான், கடல் ஒத்துக்கொள்ளாது. அண்டைக்குப் படகில இன்னும் நாலு பேர் சத்தி எடுத்தவை. அவையளின்ர கலியாணமெல்லாம் நடந்தது."

"மெய்யோ?" என்று அத்தான் மனைவியிடம் கேட்டார். "சரசு, நீர் சொல்லும். மெய்யோ?"

சரசக்கா மேசை விரிப்பில் சிந்தியிருந்த ஒரு சோற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். வேலணை அம்மா தன் கோப்பையை மெல்ல முன்னால் தள்ளிவைத்தார். பாயாசத்தை ஒருவரும் தொடவில்லை. நான் மட்டும் குசினிக்குப் போய், நின்றபடியே ஒரு கிண்ணம் குடித்தேன். நல்ல பாயாசம். அந்த ருசியை மறைத்து உங்களிடம் நல்ல பெயர் வாங்கப் பார்த்தால் அதுதான் பொய்.

மறுநாள் காலை அத்தான் என்னைப் பெட்டியோடு விடுதிக்குக் கொண்டுபோய் விட்டார். அறை இன்னும் ஆயத்தமில்லை. பொறுப்பாளரிடம் கெஞ்சிக் கட்டில் ஒன்று பிடித்துத் தந்தார். வாசலில் வைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இது என்ர தங்கச்சிக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன். அந்தத் தங்கச்சிக்கும் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தப் பெண் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இருந்தும் ஆசைப்பட்டேன்.

அக்காவுக்கு எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதினேன். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து நீலக் கடிதம் வந்தது. "என்னட்டக் கேளாமல் எடுத்தது பிழை. அது என்ர காட். நீ ஆளையும் மாறிக் குடுத்திட்டாய். சரசு சொன்னவள்தான். ஆனால் கேட்டுப்போட்டு, என்னட்ட வந்து ஒரு சொல் விசாரியாமல் விட்டது ஆர்? நேற்று ஊர்காவற்றுறைக்கு பஸ்ஸில போனனான். பள்ளிக்கூடம் விட்டு வந்த அந்த வாத்தியாரை வாசலில மறிச்சு, ஒரு காட் குடுத்தனான். என்ன இது எண்டார். கலியாணத்துக்குச் சொல்ல வந்தனான், கட்டாயம் வாங்கோ எண்டனான். பெடியள் பாத்துக்கொண்டு நிண்டவை. ஆள் காட்டை ஒளிக்க இடமில்லாமல் குடைக்குள்ள வைச்சார். பிறகு கடையில ஒரு பால் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனான்."

அந்தக் கடிதத்தை விடுதிக் கட்டிலில் இருந்து எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. எங்கள் குடும்பத்தில் ஓடுவது எது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சரசக்கா பிறகு என்னோடு பேசவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இறந்தார். நான் செத்தவீட்டுக்குப் போகவில்லை. அக்கா பிறகு வந்த இரண்டு சம்பந்தங்களையும் தானே வேண்டாம் என்றுவிட்டு, வவுனியாவில் தையல் கடை வைத்து நிமிர்ந்தார். தொண்ணூறில் போருக்குப் பயந்து தீவைவிட்டு எல்லாரும் உடுத்த உடையோடு வெளிக்கிட்டபோது அலுமாரி, தகரப் பெட்டி, அப்பாவின் சைக்கிள் எல்லாம் அங்கேயே கிடந்தன. அப்பா அம்மா இருவரும் ஊர் திரும்பாமலே போனார்கள்.

போன வருடம் அக்காவும் நானும் சரவணைக்குப் போனோம். கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை. பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் வேலி எது, எங்கே என்று தெரியாதபடி ஒரே பற்றை. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முள்ளுக்குள் நேரே நடந்து, முன்முற்றத்தில் ஓர் இடத்தில் போய் நின்றார்.

"இதிலதான் என்ர கலியாணத்துக்குக் கன்னிக்கால் நட்டது" என்றார்.

முள்முருக்கம் தடி அது. கலியாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து நடுவார்கள். கலியாணம் நின்ற பிறகு அதைப் பிடுங்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அது தளிர்த்து நின்றது. நாங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தோம். "மழைக்குத் தளிர்த்தது" என்றேன்.

"மழைக்கில்லையடி. நான்தான் ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்தினனான்" என்றார் அக்கா. காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தார். அடிக்கட்டைகூட இல்லை.

"ஆடு கட்ட நல்ல மரமா வந்தது. அதையும் தறிச்சுப்போட்டாங்கள்."