முகம் காட்டாமல் வியாபாரம் இல்லை

பனியன் விற்பதற்கு மார்பளவு தெரிந்தால் போதும். மாஸ்க் விற்பதற்கு ஆளின் சுபாவமே தெரிந்திருக்க வேண்டும். கொரோனா சமயத்தில் திருப்பூரில் நாங்கள் வேலை பார்த்த பனியன் கடை மாஸ்க் கடையாக மாறியது. கடையில் இரண்டே பேர். தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்த நான், ஊத்துக்குளியிலிருந்து மொபெட்டில் வருகிற பழனிச்சாமி அண்ணன். அவருக்கு ரொம்ப வருஷமாக வீசிங். இந்த நோய் வந்தால் நுரையீரல் தாங்காது, மாஸ்க்கைக் கழற்றவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடையில் அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அவர் மனைவி என் தலையில் கட்டிவிட்டார். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பழகியவர்களே, நம் பேச்சை யார் கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா?

காற்றோட்டம்

திருப்பூர்ப் பக்கம் துணி பார்க்கத் தெரியாத ஆள் கிடையாது. வினையே அதுதான். காங்கேயத்துக்காரர் ஒருவர் மூன்றடுக்கு மாஸ்க்கை எடுத்து இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கடைசியில் வாயில் வைத்து ஊதியும் பார்த்தார். காற்று மறுபக்கம் வரவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒற்றைத் துணி மாஸ்க்கை ஊதினார். அந்தக் காற்று என் கை வரைக்கும் வந்தது. அதிலேயே ஒரு கட்டு போடச் சொன்னார்.

"அது ஒண்ணையும் தடுக்காதுங்க, காத்து போற வழியில எல்லாமே போகும்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "காத்து வராத துணிய திருப்பூர்ல எவனுங்க வாங்குவான்?"

அளவு

ஒரு அம்மா தன் பையனுக்கு மாஸ்க் எடுக்க வந்தார். சிவப்பைப் போட்டுப் பார்த்துக் கழற்றி வைத்தார். நீலம், பச்சை, கோடு போட்டது, எல்லாம் பையன் மூக்கைத் தொட்டுவிட்டுக் குவியலுக்கே திரும்பின. பையனுக்கோ மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. போட்டுப் பார்த்ததை அடுத்தவருக்கு விற்க முடியாது என்று கெஞ்சிப் பார்த்தேன். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜட்டிய அளவு பாக்காம எடுத்தாக்கூட உள்ள கெடக்கும், மூஞ்சில போடறத எப்படீங்க பாக்காம எடுக்கறது?"

இரண்டு பக்கம்

ஸ்டெல்லா பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. தினமும் துவைத்துப் போடு என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் மாஸ்க் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் அதையே உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நேற்று தெருவெல்லாம் பட்ட பக்கம் இன்றைக்கு அவள் உதட்டில்! எனக்கு வந்த கோபத்தில் காதைத் திருகியிருப்பேன், கிட்டே போகத்தான் பயம். அவள் சாவகாசமாகச் சொன்னாள்: "ரெண்டு பக்கமும் தையல் சுத்தமா இருக்குக்கா, ஒரு பக்கத்த மட்டும் எதுக்குத் தேய விடணும்?"

பேரம்

விலை பேசுவது அண்ணனின் வேலை. எங்கள் தொழிலில் விலையை வாய் மட்டும் சொல்லாது. சிரிக்க வேண்டும், உதட்டைப் பிதுக்க வேண்டும், நஷ்டம் வந்ததுபோல் ஒரு முகம் காட்ட வேண்டும். மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து சொன்ன விலையை ஒருத்தரும் நம்பவில்லை. "அதைக் கொஞ்சம் எறக்கிப்போட்டுச் சொல்லுங்க" என்பார்கள். அண்ணனும் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசி முடித்து, ஆள் போன பிறகு ஏற்றிக்கொள்வார். சந்தை நாளில் ஏற்றவே நேரமிருக்காது.

ஒருநாள் ஒருவர் அண்ணன் முகத்துக்கு நேராகவே இருமி இருமிப் பேரம் பேசினார். அவர் போனதும் நான் கத்திவிட்டேன். "அக்காவுக்கு நான் என்னண்ணே பதில் சொல்லுவேன்?" அண்ணன் சிரித்தார். "மூஞ்சிய மூடிக்கிட்டு வெல சொல்றதுக்கு நாம என்ன களவாணிங்களா கண்ணு?"

திரும்பி வந்தபின்

அடுத்த வாரமே அண்ணனுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து உயிரோடு திரும்பினார், ஆனால் பழைய மூச்சு திரும்பவில்லை. நாலு வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்குகிறார். விலை பேசுவது இப்போது நான்தான். அவர் உட்கார்ந்து துணி மடிக்கிறார். மாஸ்க் மூக்கோடு படிந்து, தாடைக்குக் கீழ்வரை ஒழுங்காக இருக்கும். கழற்றினால் காது நாடாவை மட்டும்தான் தொடுவார். டீயைக்கூட வெளியே தள்ளி நின்று தனியாகக் குடிக்கிறார். இறக்கச் சொல்ல ஊரே இருந்தது, ஏற்றச் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.

போன மாதம் ஒரு பையன் வாயை மூடாமல் இருமிக்கொண்டே பனியன் பார்த்தான். அண்ணனால் பேச முடியவில்லை. புது மாஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினார். பையன் வாங்கவில்லை, சிரித்தான். "கொரோனா போயி எத்தன நாளாச்சுங்ண்ணா, உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

ஊர் உலகத்துக்கெல்லாம் மாஸ்க் தைத்து அனுப்பிய திருப்பூரில் நாங்கள், எங்கள் மூக்கையும் வாயையும் விட்டுவிட்டுத் தாடையை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டோம்.