இது எந்த ஊர் வாசிப்பு?

கில்பர்னில் ஐரிஷ்காரர்கள் கூடிப் பிடில் வாசிக்கும் ஒரு பப். ஞாயிறு மதியம். டேப் ரெக்கார்டரில் பேட்டரி தீர்ந்துவிட்டதால், அவர்களுடைய நடன மெட்டு ஒன்றை ஸ்வரப்படுத்தி எழுதுகிறேன். இது நாலாவது தாள்.

இங்கே சமையலறையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக் குணம் அண்ணை பிடில் வாசிக்கிறார். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி.

"போன தடவை அந்த இடத்துல நிஷாதமே இல்லையே!"

"அது கெரி ஊர் ஆக்கள் வாசிக்கிற மாதிரி. இது டொனகோல் ஊர்."

"அப்போ மூலம் எது?"

"ஸ்கொட்லாந்து ஆக்களும் தங்கட எண்டுதான் சொல்லுவினம்."

மெட்ராஸில் ஒரு ஸ்வரம் மாறினால் மாணவியை வீட்டுக்கு அனுப்புகிறவள் நான். எரிச்சலில் நாலு தாளிலும் எனக்குப் பிடித்ததைப் பொறுக்கிச் சேர்த்து, என் வயலினில் வாசித்து முடிக்கிறேன்.

பக்கத்தில் இருக்கும் ஐரிஷ் கிழவர் ஏதோ கேட்கிறார். அவர் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பிடிபடவில்லை.

"இது எந்த ஊர் வாசிப்பு எண்டு கேக்கிறார்," என்கிறார் குணம் அண்ணை.

"மயிலாப்பூர்!" என்று வெடிக்கிறேன்.

கிழவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, தன் பிடிலை எடுத்து நான் வாசித்ததையே வாசிக்கிறார். இரண்டாவது வரியில் ஒரு ஸ்வரத்தை மாற்றுகிறார்.

"நிறுத்தச் சொல்லுங்க அண்ணே," என்று எழுந்துவிடுகிறேன். "மயிலாப்பூர்ல அப்படி வாசிக்க மாட்டோம்!"