மேகலா அக்காவின் நீலச் சட்டை

மேகலா அக்கா போய்விட்டாள். நேற்றுக் காலை, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில்... ஹார்ட் அட்டாக்.

மாமல்லபுரத்தில் போட் எஞ்சின் ரிப்பேர் கடை வைத்திருந்த திருநங்கை. அந்தக் கடையில் அவளோடு வேலை பார்த்த திருநம்பி நான், கதிர்.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. அதனால் டைப் செய்துகொண்டிருக்கிறேன்.

சேர்ந்த புதிதில் நான் யாரிடமும் சிரிக்க மாட்டேன். குரலைக் கட்டையாக்கிப் பேசுவேன், காலை அகட்டி நடப்பேன். ஒரு நாள் அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாத்துக்குடா எல்லாரையும் மொறைச்சிகினே கீற? ஆம்பளன்னா மொறைக்கணும்னு எவன் சொன்னான்?"

எவனும் சொல்லவில்லைதான்...

கோலம் என்றால் எனக்குப் பைத்தியம். கதிர் ஆன பிறகு விட்டிருந்தேன். அது தெரிந்ததும், ஒரு மார்கழியில் கோலமாவு பாக்கெட்டைக் கையில் திணித்துக் கடை வாசலைக் காட்டினாள்.

நான் போட்டுக்கொண்டிருந்தபோது எஞ்சின் கொண்டுவந்த ஒருத்தர் நக்கலடித்தார். "ஆம்பள கோலம் போடறான், பொம்பள எஞ்சின் கழட்டுது. நல்லா கீதுபா கடை."

அக்கா நிமிரக்கூட இல்லை. "உன் எஞ்சின் ஸ்டார்ட் ஆவணுமா, வேணாமா?"

மனிதர் எஞ்சினை இறக்கி வைத்துவிட்டு, கோலத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

சேலை மட்டும் அவளுக்கு ஆகாது. கிரீஸ் கறை படிந்த நீலச் சட்டை, பேன்ட், ஒரு மூக்குத்தி... அவ்வளவுதான். தோழிகள் கிண்டல் செய்தால், "நான் பொம்பளதான். அதுக்கு சேலை வந்து சாட்சி சொல்லணுமா?" என்பாள்.

போன மாசம் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னாள். "நான் செத்தா இந்த சட்டைதான்டா. சேலை கட்னீங்கன்னா எழுந்து வந்து ஒதைப்பேன்."

நேற்று மதியம் அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதற்காகத்தான் சண்டை. தோழிகள் பட்டுப்புடவையோடு வந்து நின்றார்கள், பாவம், ஆசையாகத்தான். கெஞ்சி, கத்தி, அழுது, சட்டையைப் போட வைத்தேன்.

அப்புறம் படாளத்திலிருந்து அவள் அண்ணன் வந்தார். சின்ன வயசில் அவளை வீட்டைவிட்டுத் துரத்தியவர். கையில் ஜவுளிக்கடைப் பை. வேட்டிதான் என்று நானே முடிவு செய்துகொண்டு வாசலில் மறித்தேன்.

"இன்னா எத்துகினு வந்த, வேட்டியா? அவ பொம்பள. உள்ள வுடமாட்டேன்."

அவர் பையைப் பிரித்தார். மஞ்சள் கரை வைத்த சிவப்புச் சேலை.

"என் தங்கச்சிக்கு... பொறந்த வூட்டுக் கோடிபா. அண்ணன்காரன்தான எத்துகினு வரணும்."

பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து வரும் கடைசிச் சேலை அது. உயிரோடு இருந்தவரை அந்த வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு கைக்குட்டைகூட வந்ததில்லை. கோபம் வந்தது, அழுகையும் வந்தது... எது அதிகம் என்று இன்னும் தெரியவில்லை.

கட்டிவிடச் சொல்லவில்லை அவர். போர்த்தத்தான் கேட்டார். ஒரு முனையை அவர் பிடித்தார், ஒரு முனையை நான். நீலக் காலர் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி விட்டோம்.

இன்று மதியம் எடுக்கிறார்கள். சாவு வீட்டு வாசலில் கோலம் போடக் கூடாதாம். கை பரபரக்கிறது...

போய்ட்டு வாக்கா. சேலைய கட்டல, போர்த்திதான் கீது. ஒதைக்கணும்னா எழுந்து வா.