ரோபோவுக்கு எதற்கு மூத்திரப்பை?

என் சித்தி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைப்பவள். வாயைத் திறந்தால் வேற்றுக் கிரகக் கதைதான் என்பதால் அங்கே அவளுக்கு ‘ராக்கெட்டு’ என்று பெயர்.

அவளுடைய லைன் முழுவதற்கும் ஒரே ஒரு மஞ்சள் டோக்கன், ஆணியில் தொங்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகலாம். போனவள் திரும்பினால்தான் அடுத்தவள் எழலாம். பக்கத்து மெஷினில் பொத்தான் தைக்கிறவள் இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்து, கடைசியில் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டாள்.

அவள் திரும்பி வந்த அன்று, சாப்பாட்டு நேரத்தில் சித்தி ஒரு கதையை அவிழ்த்துவிட்டாள்.

தூரத்துக் கிரகம் ஒன்றில் ஒரு கம்பெனி. வேலை செய்வதெல்லாம் ரோபோக்கள். முன்பு அங்கிருந்த மனிதர்கள் விட்டுப்போன டோக்கன் ஒன்றும் தொங்குகிறது. ஒரு நாள் ஒரு ரோபோ அதை மாட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுவிட்டு வருகிறது.

“உள்ள என்ன பண்ணின?” என்று பக்கத்து ரோபோ கேட்கிறது.

“ஒண்ணும் பண்ணல. யாரும் என்னைப் பாக்கல. நல்லா இருந்துச்சு.”

மறுநாள் எல்லா ரோபோக்களும் டோக்கன் கேட்கின்றன. நிர்வாகம் கூடி மண்டையை உடைத்துக்கொள்கிறது. மூத்திரம் முட்டாதவனைப் போகாதே என்று தடுத்து என்ன புண்ணியம்? ஆகவே பெருஞ்செலவில் ஒவ்வொரு ரோபோவுக்கும் மூத்திரப்பை பொருத்துகிறார்கள். அதற்குப் பிறகு நிம்மதியாக அனுமதி மறுக்கிறார்கள்.

“ஐயோ, சிரிக்க வைக்காத ராக்கெட்டு, டோக்கன் வேற இல்ல!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள் பொத்தான்காரி.

வீட்டில் அம்மா கடிந்துகொண்டாள். “நடக்கிறத நேரா சொல்லித் தொலையேன்டி.”

“நேரா சொன்னா அழுவாங்கக்கா. அழுதா மூக்கச் சிந்திட்டு மறுபடி மெஷின்ல உக்காந்துடுவாங்க. சிரிச்சா வீடு வரைக்கும் தூக்கிட்டுப் போவாங்க.”

சூப்பர்வைசருக்கும் கதை பிடித்துப்போனது. அதுதான் வினையானது. டீ குடிக்கும்போது நல்ல ஜோக் என்று மேனேஜரிடமே சொல்லிவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. சித்தியைக் கூப்பிட்டார்.

“எங்களக் கிண்டல் பண்றியா?”

“ரோபோ கதை சார். அதுல நீங்க எங்க வந்தீங்க?”

“நாளைக்குக் காலைல மைக்குல அது பொய்னு சொல்லி மன்னிப்புக் கேக்கற. இல்லன்னா வேலைக்கு வராத.”

எங்கள் வீட்டில் அப்போது சம்பளம் வாங்கியது சித்தி ஒருத்திதான். “கேட்டுட்டு வந்துடுடி” என்று அம்மா கெஞ்சினாள். “கேக்கறேன்கா” என்றாள் சித்தி.

கேட்டாள். “நான் சொன்னது பொய்தான். எல்லாரும் மன்னிச்சிடுங்க. ரோபோவுக்கு மூத்திரப்பை கெடையாது.” மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்தாள். “நமக்குத்தான் இருக்கு.”

ஆணியைத் திரும்பிப் பாராமல் நேராகக் கழிப்பறைக்கு நடந்தாள். பொத்தான்காரி எழுந்தாள். பிறகு லைன் முழுக்க ஸ்டூல்கள் நகரும் சத்தம். சூப்பர்வைசர் டோக்கனைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

சரக்கு கிளம்ப வேண்டிய வாரம். ஒரு லைனையே வீட்டுக்கு அனுப்ப முடியாது. சித்தியை மட்டும் அனுப்பினால் மற்றவர்களும் எழுந்துவிடுவார்களோ என்ற பயம். ஆகவே அவளைத் தனியாகப் பிரித்து, கடைக்கோடியில் சட்டைக்குக் கை தைக்கும் லைனில் உட்காரவைத்தார்கள். அங்கே தொங்கியது பச்சை டோக்கன்.

அவள் நூல் கோப்பதற்குள் பக்கத்து மெஷின்காரி குனிந்தாள்.

“ராக்கெட்டக்கா, அந்த ரோபோ கதைய மொதல்லேருந்து சொல்லுங்க.”